முன்பக்கம் இல்லாத வண்டி

கொய்வுரின்னேயில் எட்டுப் பெட்டிகள்.
ஒன்றில் ஆறு பேர், முழங்கால் இடிக்க.
ரயிலடி, மருந்துக்கடை, பள்ளி,
பனிச்சறுக்கு மைதானம், மேட்டுக் குடியிருப்பு,
மறுபடி ரயிலடி.
மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.
முயல் குறுக்கிட்டால் நிற்கும்.
முயல் போன பிறகும்
கொஞ்சம் யோசிக்கும்.

நான் ஓட்டுவதில்லை. பார்க்கிறேன்.
நகராட்சிக் கட்டடம், மூன்றாம் மாடி,
எட்டுத் திரை, ஒரு நாற்காலி, ஆறிப்போன காபி.
இருபத்திரண்டு வருடம்
முப்பத்தொன்றாம் எண் பேருந்தைத் திருப்பிய கை
இப்போது ஒரு பச்சைப் பொத்தான்மேல் கிடக்கிறது.
நான் அழுத்தினால்தான் கிளம்பும்.
வலது கால் மட்டும் இன்னும்
மேசைக்கடியில் பிரேக்கைத் தேடுகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு:
காலி இருக்கை மிச்சமிருக்கும்வரை
யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை.
பெட்டி அதைக் கெடுத்தது.
எதிரெதிர் முகங்கள்.
முதல் மாதம் எல்லோரும்
தத்தம் கையுறையையே படித்துக்கொண்டு போனார்கள்.
பிறகு ஒரு நாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி
செல்லோவோடு ஏறினாள்.
நாலு பேர் சேர்ந்து கால் மடக்க வேண்டியிருந்தது.
திரையில் ஒலி கிடையாது.
தோள்கள் குலுங்கின, அவ்வளவுதான் தெரியும்.

ஊர்போ வெஸ்தரினன்
ஊர்க்கூட்டத்தில் எழுந்து
"சக்கரம் வைத்த தீப்பெட்டி" என்றவர்.
எதிர்த்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவர்.
நவம்பரில் கண் பரிசோதனை, உரிமம் போயிற்று.
டிசம்பரில் நாலாம் எண்ணில் ஏறினார்,
பகையாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல.
இறங்கும்போது நன்றி சொல்லத் திரும்பினார்.
எந்தப் பக்கம்?
இதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை,
போகிற பக்கம்தான் முன்.
இந்தக் கோடிக்கு ஒரு தலையசைப்பு,
அந்தக் கோடிக்கு ஒன்று.
அன்றிலிருந்து தினமும் இரண்டு.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை
கொட்டிய பனியின் ஒவ்வொரு இதழையும்
முயலென்று எண்ணி
மேட்டுச் சரிவில் நின்றுவிட்டது நாலாம் எண்.
உள்ளே அவர் மட்டும்.
ஒலிபெருக்கியைத் திறந்தேன்.
"பொறுங்கள், கண்ணைத் துடைக்கிறது."
"ஆளா?" என்றார்.
"ஆள்தான். ஹில்லா. முன்பு முப்பத்தொன்று."
துடைப்பான் இரண்டு முறை போய்வந்தது.
"காலை ஆறு ஐம்பது முப்பத்தொன்றா?
ஒரு நாள் ஓடி வந்தேன். கையைக்கூட ஆட்டினேன்.
கண்ணாடியில் பார்த்திருப்பாயே."

பார்த்திருந்தேன்.
நாலு நிமிடத் தாமதம் அன்றைக்கு.
சிவப்புத் தொப்பியொன்று கண்ணாடியில்
சிறுத்து, சிறுத்து, பொட்டாகி.
அது யார் தலையில் இருந்ததென்று
பதினாலு வருடம் கழித்துத் தெரிகிறது.
"பார்த்தேன்" என்றேன்.
"ம்" என்றார்.
அந்த "ம்"முக்கு என்ன பொருளென்று
இன்னும் பிடிபடவில்லை.
பிறகு, "இது நிற்குமா, ஓடி வருகிறவனுக்கு?"

இதன் பார்வை பன்னிரண்டு மீட்டர்.
அதற்கப்பால் ஓடி வருகிறவன்
இதற்குப் பிறக்கவே இல்லை.
தெருமுனைக் கேமராக்கள் என்னிடம் இருப்பதை
நான் சொல்லவில்லை.
பச்சையை அழுத்தினேன்.

இறங்கும்போது அவர்
இந்தக் கோடியைப் பார்க்கவில்லை, அந்தக் கோடியையும்.
அண்ணாந்து என்னைத் தேடி
தீயணைப்பானைப் பார்த்து
ஒரே முறை தலையசைத்தார்.

மறுநாள் ஆறு ஐம்பத்தொன்று.
மேட்டிலிருந்து யாரோ ஒரு பெண்,
ஒரு காலணிக்கு நாடா கட்டாமல்,
ஓடி வருகிறாள்.
பெட்டியின் கதவு மூடியாயிற்று.
விரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.
ஒன்பது நொடி.
தாமதத்துக்குக் காரணம் எழுத
ஒரு கட்டம் இருக்கிறது.
முயல் என்று எழுதினேன்.